மற்றப் பக்கம்

வைகாசி கடைசியில், கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கிற ஒரு மத்தியானம், ரேடியோ, அம்ப் திருத்துகிற என் கடைக்கு ஒரு தம்பி வந்தான். பெட்சீற்றால் சுற்றின பழைய ரெக்கோட் பிளேயர் ஒன்று கையில். கொழும்பில் ஆரிடமோ வாங்கினதாம்.

“அண்ணே, ரெக்கோட் எண்டா சீடியை விட நல்லாக் கேக்கும் எண்டுதானே எல்லாரும் சொல்லுறாங்கள். இது பால்மா ரின்னுக்குள்ள இருந்து பாடுற மாதிரிக் கிடக்கு.”

பிளேயரில் ஒரு பிழையும் இல்லை. அதன் வயரை நேரே அம்ப்ளிபயரின் ஓக்ஸ் துளைக்குள், சீடி பிளேயர் செருகுகிற துளைக்குள், செருகியிருக்கிறான், அவ்வளவுதான். ரெக்கோட் வெட்டும்போதே அடித்தொனியைக் குறைத்து, உச்சத்தொனியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். குறைக்காமல் விட்டால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ஒரு அடி விழ, ஊசி ஓடுகிற பள்ளம் அகண்டு பக்கத்துப் பள்ளத்துக்குள் போய்விடும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் அடக்கவும் ஏலாது. உச்சத்தைக் கூட்டுவதற்குக் காரணம் வேறு: கேட்கும்போது அதைத் திரும்பக் குறைக்க, தட்டின் இரைச்சலும் கூடவே குறைந்துவிடும். 1954 இல் இருந்து கம்பனிகள் இதற்கு ஒரே கணக்கைப் பிடித்துக்கொண்டன. 20 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 20 டெசிபல் கீழே, 20,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 20 டெசிபல் மேலே. இந்தக் கோணலை நிமிர்த்துகிற போனோ சேர்க்கிட் இடையில் இல்லாவிட்டால் பால்மா ரின்தான். ஒரு சின்னப் போர்ட் போட்டுக் கொடுத்தேன். காசைத் தந்துவிட்டு வாசலில் நின்று திரும்பிக் கேட்டான்: “அப்ப உண்மையில எதண்ணே நல்லம்?”

நான் ஒருபக்கம் சாயாமல் பதில் சொல்லக்கூடிய ஆள் இல்லை. பெரியப்பா வீட்டு ரெக்கோட்டில் வளர்ந்தவன்.

பெரியப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் கிளார்க்காக இருந்தவர். 1957 இல் வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, கப்பலேற நின்ற ஒரு அதிகாரியிடம், ரேடியோவும் ரெக்கோட் பிளேயரும் ஒரே பெட்டியில் உள்ள ரேடியோகிராம் ஒன்றை மலிவாக வாங்கினார். நான்கு காலில் நிற்கிற தேக்குப் பெட்டி. உள்ளே, தட்டைத் தானே மாற்றிப் போடுகிற கராட் ஓட்டோ சேஞ்சர். விளக்கு வைத்து, திருநீறு பூசி, கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் மூடியைத் திறப்பார். நாங்கள் தொடக்கூடாது. நான் ஒருமுறை தொட்டேன். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுகிற ரெக்கோட் ஒன்றில் ஊத்தை இருக்கிறது என்று சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்தது, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பது எட்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்? பஞ்சு கறுப்பாக வந்தது. ஊத்தை நல்லாய்ப் போகிறது என்று இன்னும் அழுத்தித் துடைத்தேன்.

அடி விழவில்லை. மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. அது அடியைவிடப் பாரம்.

அவருடைய ரெக்கோட்டுகளில் பெரும்பகுதி கல்கத்தா டம் டம்மில் அச்சான எச்.எம்.வி. லேபிளில் நாய்ப் படம் இருப்பதால் எங்கள் வீட்டில் அதற்கு “நாய்த் தட்டு” என்று பெயர். வாங்கின திகதியை உறையில் பென்சிலால் எழுதி வைத்திருப்பார். அடுக்கிப் பார்த்தால் 1970க்கும் 1977க்கும் இடையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். பிறகு இறக்குமதி திறந்துவிட்டபோது கசற் வந்துவிட்டது. நானே பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு றெக்கோடிங் பாரில் நின்று, ஆட்கள் எழுதிக்கொண்டு வந்த பாட்டு லிஸ்ற்றைப் பார்த்துப் பார்த்துக் கசற்றில் அடித்துக் கொடுத்தவன்.

சீடி எங்கள் வீட்டுக்கு வந்தது சித்தப்பா கட்டாரில் இருந்து வந்தபோது. (பத்திரிகையில் “இறுவட்டு” என்று எழுதுகிறோம். நல்ல சொல்தான், ஆனால் கடைக்கு வந்து இறுவட்டு பிளேயர் திருத்த வேண்டும் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.) போட்டுவிட்டு எல்லோரும் காத்திருந்தோம். ரெக்கோட் என்றால் பாட்டுத் தொடங்க முதல் ஒரு “சர்ர்” வரும், அதுதான் எங்களுக்கு எச்சரிக்கை. இதில் ஒன்றும் இல்லை. பழுதோ என்று சித்தப்பா எழும்பிப் போகவும் வயலின் படாரென்று வந்தது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. பெரியப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, “ஆரோ ஜன்னலைச் சாத்திப்போட்டுப் பாடுற மாதிரி இருக்கு” என்றார்.

அந்தச் சாத்தின ஜன்னலை நான் இருபது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காரணமும் நானே கற்பித்தேன்: ரெக்கோட்டில் ஒலி அலை முழுசாக ஓடுகிறது; சீடியில் அது படிக்கட்டு படிக்கட்டாக வெட்டுப்பட்டிருக்கிறது; வெட்டினால் இடையில் உள்ளது போகத்தானே வேண்டும்? கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

அது பிழை. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1982 இல் சீடியைச் சந்தைக்குக் கொண்டு வந்தபோது ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளப்பது என்று வைத்தார்கள். 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட எந்த அலையையும் அந்த அளவுகளில் இருந்து முழு வளைவாகத் திரும்ப எடுக்கலாம். பிளேயரின் வாயில் இருந்து வெளியே வருவது படிக்கட்டு இல்லை, வழுவழுவென்ற அலை. அலையைத் திரையில் காட்டுகிற என் ஒசிலோஸ்கோப்பில் வைத்து நானே பார்த்தேன். மனிதக் காது நல்ல இளமையில் 20,000 வரை கேட்கும். எனக்கு இப்போது 12,000க்கு மேல் பீப் சத்தம் போட்டால் மருமகன்தான் “கேக்குது மாமா” என்கிறான். இந்தக் காதை வைத்துக்கொண்டு நான் படிக்கட்டைப் பற்றிக் கதைத்திருக்கிறேன்.

சத்தத்துக்கும் நிசப்தத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை எடுத்தாலும் அப்படித்தான். சீடியில் கணக்குப்படி 96 டெசிபல். ரெக்கோட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எழுபதைத் தாண்டுவது கஷ்டம். ஆனால் என் வீட்டில் மின்விசிறி, வெளியே ஆட்டோ, கச்சான் மாதத்தில் தகரக் கூரை. எழுபதே எங்களுக்கு அதிகம்.

அப்படியென்றால் பெரியப்பாவின் காது பொய் சொன்னதா? அதுவும் இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது, அதுவும் தற்செயலாக.

2016 இல் ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சான் ஒரு பெல்ட் டிரைவ் பிளேயர் கொண்டு வந்தான். 120 வோல்ற், 60 ஹெர்ட்ஸ் மோட்டர். நான் ட்ரான்ஸ்போமர் ஒன்றைப் போட்டு வோல்ற்றை இறக்கினேன். சீர்காழி கோவிந்தராஜனை வைத்தேன். வெண்கலக் குரல் என்று பெயரெடுத்த மனிதர், காய்ச்சலில் எழும்பி வந்தவர் போலப் பாடினார். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைத்தான் இறக்கும். எங்கள் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த மோட்டர் கரண்டின் துடிப்பைப் பார்த்துத்தான் சுற்றும். ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விட்டது. 33⅓ சுற்று, 28க்குக் கீழே. பாட்டுக்காரர் கணக்கில் சொன்னால், ஐந்து கட்டையில் பாடுகிற பெண்ணை மூன்று கட்டைக்கு இறக்கிவிடும்.

லேத் வைத்திருக்கும் கூட்டாளியிடம் போய், மோட்டர் தண்டில் பெல்ட் ஓடுகிற சின்னக் கப்பியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகக் கடைந்து எடுத்தேன். மூன்றாவது தடவைதான் சரிவந்தது. சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: வட்டக் கடதாசியில் சம இடைவெளியில் 180 கோடு போட்டுத் தட்டின்மேல் வைத்து, சோக் போட்ட பழைய ரியூப் லைற்றின் கீழே சுற்றவிட வேண்டும். அந்த விளக்கு செக்கனுக்கு நூறு தடவை மினுங்கும், வேகம் சரியென்றால் கோடுகள் அசையாமல் நிற்கும். எல்.ஈ.டி. பல்ப் பெரும்பாலும் இதற்கு உதவாது. அந்த ஒரு ரியூப் லைற்றை இதற்காகவே கழற்றாமல் வைத்திருக்கிறேன்.

2022 இல் கரண்ட் மணிக்கணக்கில் இல்லாமல் கிடந்த காலத்தில் பக்கத்து வீட்டு ஜெனரேட்டரில் இருந்து ஒரு வயர் எடுத்திருந்தோம். அவர்களுடைய பிரிட்ஜும் அதில்தான். பிரிட்ஜ் ஓடத் தொடங்கும் நேரம் சீர்காழியின் சுருதி ஒருமுறை குந்தி எழும்பும். சீடிக்கு அந்தக் கவலை கிடையாது, அதற்குள் குவாட்ஸ் துண்டு ஒன்று தன்பாட்டில் நேரம் பிடித்துக்கொண்டிருக்கும்.

மோட்டர் சரியானதும் பெரியப்பாவின் ரெக்கோட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றத் தொடங்கினேன். போனோ போர்டில் இருந்து ஒரு யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட்டுக்கு, அங்கிருந்து சீடி அளவிலேயே, 44,100, 16 பிற். பிறகு ஒரு வெறும் சீடியில் அடித்தேன். அம்ப்பில் ஒரு பக்கம் ரெக்கோட், மற்றப் பக்கம் அதிலிருந்தே அடித்த சீடி. ஸ்பீக்கர் வயரில் மல்டிமீற்றரை வைத்து இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்தினேன். இதைச் செய்யாமல் ஒப்பிடுகிறவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். துளி சத்தம் கூடினாலும் காது அதைத்தான் நல்லது என்னும். மருமகன் சுவிச்சைத் திருப்ப, நான் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து எது பாடுகிறது என்று சொல்ல வேண்டும். அரை நிமிடம் அரை நிமிடமாக இருபது தடவை.

பதினொன்று சரி, ஒன்பது பிழை. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

ரெக்கோட்டின் “சூடு”, “உடம்பு” என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் அப்படியே சீடிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. சர்ர் சத்தம் உட்பட. அப்போ அந்தச் சாத்தின ஜன்னல்?

அதே பாட்டைக் கடையில் வாங்கின சீடியில் இருந்து கணினியில் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரெக்கோட் அலை கதியால் வேலி மாதிரி இருந்தது. ஒரு கதியால் நெட்டை, ஒன்று குட்டை, இடையில் ஆடு புகுகிற அளவுக்குப் பொட்டு. சீடி அலை, கட்டி முடித்து மட்டம் பிடித்த மதில். எல்லாமே ஒரே உயரம். ஆரோ மெல்லிய இடங்களையெல்லாம் தூக்கிச் சத்தமாக்கி, மேலே நிமிர்ந்ததையெல்லாம் சீவி, இரைச்சலை எடுக்கிறோம் என்று மென்பொருளைப் போட்டு அரித்திருக்கிறார்கள். இரைச்சலோடு சேர்ந்து புல்லாங்குழலின் மூச்சும் போய்விட்டது. ஜன்னலைச் சாத்தினது சீடி இல்லை. சீடி வெறும் பாத்திரம். ஊற்றினவன் தண்ணீர் கலந்து ஊற்றியிருக்கிறான்.

அதுவாவது கடைச் சீடி. எங்கள் ஊரில் இரண்டாயிரங்களில் சீடி என்று பேர்பாதி வீட்டில் சுழன்றது என்ன? “150 பாட்டு” என்று உறையில் போட்ட எம்.பி.3 தட்டு. உண்மையான சீடியில் எண்பது நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. அதற்குள் நூற்றைம்பது பாட்டு என்றால், பதினொன்றில் ஒரு பங்காகப் பிழிந்தால்தான் அடங்கும். அப்படிப் பிழிந்ததைக் கேட்டுவிட்டு “சீடி சரியில்லை” என்று தீர்ப்புச் சொன்னவர்களில் நானும் ஒருவன். நானும்தான் அதை அடித்து விற்றவன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரெக்கோட் பக்கமும் இப்படி ஒரு அநியாயம் நடந்தது. எங்கள் பகுதியில் கிடைக்கிற பழைய தட்டுகளில் பாதி, கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் லவுட்ஸ்பீக்கர் கட்டினவர்களின் கையில் உழைத்துக் களைத்தவை. பாரமான ஊசி, மாற்றாத ஊசி, பந்தலில் பறக்கிற மண். பள்ளத்தின் சுவர் உழுத வயல் மாதிரி ஆகியிருக்கும். அதைக் கேட்டுவிட்டு ரெக்கோட் என்றால் கரகரப்பு என்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல ஏலாது.

நாதசுவரத்துக்கு மட்டும் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, நன்றாக எடுத்த சீடிதான். காரணம் தட்டின் நடு ஓட்டை. அச்சடிக்கும்போது அது ஒரு மயிரிழை விலகியிருந்தாலும், 1.8 செக்கனுக்கு ஒருமுறை, அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும், சுருதி மேலே போய்க் கீழே வரும். சினிமாப் பாட்டில் தெரியாது. ஆனால் நாதசுவரக்காரர் மூச்சைப் பிடித்து ஒரு ஸ்வரத்தில் நிற்கும்போது, அவர் வாசிக்காத கமகம் ஒன்று அதில் ஊஞ்சல் ஆடும். காருகுறிச்சி அருணாசலத்தின் தட்டு ஒன்று என்னிடம் அப்படி இருக்கிறது. அந்த மனிதர் அசையாமல் பிடித்த ஸ்வரத்தை ஓட்டை துளைத்தவன் ஆட்டி வைக்கிறான். வாயில் ரௌத்திரம்தான் வரும்.

இன்னொன்று, தட்டின் விளிம்பில் ஊசிக்குக் கீழே பள்ளம் செக்கனுக்கு அரை மீற்றர் ஓடுகிறது. உள்ளே போகப் போக அது இருபது சென்ரிமீற்றருக்குக் கிட்ட வந்துவிடும். அதே ஒலியைக் குறுகின இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் “ச”வும் “ஷ”வும் துப்பும். சீடியில் முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

பழைய சினிமாப் பாட்டு என்றால், கீறல் விழாத நாய்த் தட்டு கிடைத்தால், நான் அதைத்தான் எடுப்பேன். விஸ்வநாதன் ராமமூர்த்தி காலத்து வாத்தியக் கூட்டத்தைப் பிறகு ஒருவரும் வந்து “திருத்தாமல்” விட்ட ஒரே இடம் அது.

2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு எங்களிடம் மிஞ்சின தட்டுகள் எண்பதுக்குச் சற்று மேல். திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் பெரியப்பா வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் வந்து போனது. ரேடியோகிராம் காலில் நின்றதால் ட்ரான்ஸ்போமர் மட்டும் போச்சு, அதைப் பிறகு மாற்றினேன்; ரெக்கோட் அடுக்கின கீழறை முழுவதும் சேறு. ஒரு மாதம் கழித்துத்தான் அதில் கைவைக்க எங்களுக்கு மனம் வந்தது. கிணற்றடியில் வைத்து, பாத்திரம் கழுவுகிற திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில், பள்ளத்தின் போக்கிலேயே கழுவினோம். தட்டுகள் பெரும்பாலும் பிழைத்தன. உறைகளை என் கடை வாசலில் வெயிலில் காயப்போட்டேன். எங்கள் திருகோணமலை மான்களைத் தெரியுமல்லவா, பஸ் ஸ்டாண்ட் பக்கமெல்லாம் திரிவது. ஒன்று வந்து எல்.பி. உறை ஒன்றைப் பாதி தின்றுவிட்டுப் போயிருந்தது. பென்சிலால் எழுதின திகதியோடு. லேபிளும் உரிந்த தட்டுகள் ஒன்பது இருக்கின்றன. அவற்றில் என்ன இருக்கிறது என்று அறிய ஊசியை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பெரியப்பா இப்போது இல்லை. பெரியம்மாவுக்கு எண்பத்து நான்கு, கண் சரியாகத் தெரியாது, காது கூர்மை. போன கிழமை அவவிடம் ஒரு சின்னக் கள்ள வேலை செய்தேன். சீர்காழியின் பக்திப் பாடல் தட்டைக் கடைக்கு எடுத்துப்போய் ஒரு பக்கத்தை மட்டும் சீடியில் அடித்திருந்தேன். பின்னேரம் உப்புவெளிக்குப் போய், சின்ன சீடி பிளேயர் ஒன்றை ரேடியோகிராமுக்குப் பின்னால் கொழுவினேன். அதே வால்வு அம்ப், அதே ஸ்பீக்கர். வழக்கம்போல மூடியைத் திறந்து சத்தமாகச் சாத்தினேன்.

“பெரியம்மா, ரெக்கோட் போடுறன்.”

விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தா. சர்ர் வந்தது. பாட்டு வந்தது. இரண்டாம் பாட்டின் நடுவில் “டொக் டொக்” என்று நான்கு அடி விழுகிற இடம் ஒன்று உண்டு. அது வர முதலே அவவின் விரல் கதிரைக் கையில் தயாராக நின்றது. டொக், டொக், டொக், டொக். விரலும் நான்கு தட்டுத் தட்டியது. “அவர் சுருட்டுப் பெட்டியை விழுத்தின இடம்,” என்றா, எனக்கில்லை, முற்றத்துக்கு.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினொன்றுக்கு ஒன்பது என்ற என் கணக்கை எண்பத்து நான்கு வயதுக் காதும் ஒத்துக்கொண்டது. பக்கம் முடிந்தது. சீடி தன்பாட்டில் நின்றது. தேநீர் குடித்துக்கொண்டு இருந்தேன்.

“என்னடா தம்பி பேசாமல் இருக்கிறாய்? மற்றப் பக்கம் போடு.”

மற்றப் பக்கத்தை நான் அடிக்கவில்லை. தட்டு கடையில், என் மேசையில் கிடந்தது. “கொஞ்சம் பொறுங்கோ, ஊசியைத் துடைச்சுப்போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளைச் சத்தம் கேட்காமல் படலை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் பண்ணினேன்.